ஹைபிரிட் கார் எப்படி ஓடுகிறது, யாருக்குப் பலன்?

ஹைபிரிட் கார் என்று பேச்சு எடுத்தாலே பலரும் முதலில் கேட்பது, "அதை எங்கே சார்ஜ் போடுவது?" என்பதுதான். பெரும்பாலான ஹைபிரிட் கார்களில் சார்ஜ் போடும் வசதியே கிடையாது. உள்ளே பேட்டரி இருக்கிறது, மின் மோட்டார் இருக்கிறது, சில நேரம் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடவும் செய்கிறது. ஆனால் அந்த மின்சாரம் முழுக்க வந்தது பெட்ரோல் டேங்கிலிருந்துதான். வெளியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட அதற்குள் போவதில்லை.

அப்படியானால் என்ன லாபம்? பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, பேட்டரியில் சேர்த்து, மறுபடி எடுத்து மோட்டாரில் ஓட்டினால் வழியில் இழப்புதானே அதிகமாகும்? நியாயமான சந்தேகம். இதற்குப் பதில் பிடிபட்டுவிட்டால் ஹைபிரிட்டின் சூட்சுமமும் பிடிபட்டுவிடும். எந்த வகை ஹைபிரிட் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதையும் அதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

எஞ்சினின் பலவீனம்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. சாதாரண பெட்ரோல் காரில் அதில் நாலில் ஒரு பங்கு, பல நேரங்களில் அதற்கும் குறைவாகத்தான், சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது.

ஆனால் எஞ்சின் எப்போதும் ஒரே அளவில் வீணடிப்பதில்லை. ஓரளவு நன்றாக வேலை கொடுத்தால், பெட்ரோலின் ஆற்றலில் 35 சதவீதம் அல்லது அதற்கு மேலும் உழைப்பாக மாற்றித் தரும். லேசான வேலை கொடுத்தால்தான் மோசம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்று போகும் வழி பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கவே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. உள்ளே பிஸ்டன், பேரிங் எல்லாம் உரசும் உராய்வு வேறு. வேலை குறைந்தாலும் உராய்வு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் ஊர்ந்து போகும் போக்குவரத்தில் எஞ்சினின் திறன் 10, 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது பூஜ்யம்: பெட்ரோல் எரிகிறது, வண்டி நகரவில்லை.

இதில் வருத்தமான விஷயம், நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி எஞ்சினுக்கு லேசான வேலைதான். நடுத்தரக் கார் ஒன்று சமதரையில் ஒரே சீராக 60 கி.மீ. வேகத்தில் போக சுமார் 5 கிலோவாட், அதாவது ஏழு குதிரைத்திறன் போதும். ஆனால் எஞ்சினோ 100 குதிரைத்திறன் கொண்டது. மேடு ஏற, லாரியை முந்த, பாரத்தோடு கிளம்ப என்று எப்போதோ தேவைப்படும் சில நிமிடங்களுக்காக அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்திருக்கிறோம். மீதி நேரமெல்லாம் அது தனக்கு ஒத்துவராத லேசான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மின் மோட்டாரின் குணம் நேர் எதிர். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். கொடுத்த மின்சாரத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை உழைப்பாக மாற்றும். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும், செலவு இல்லை. இன்னொரு பெரிய வசதி, அதே மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும்.

எஞ்சின் சொதப்பும் இடத்தில் மோட்டார் பிரமாதமாக வேலை செய்கிறது. நீண்ட தூரத்துக்கு வேண்டிய ஆற்றலைச் சுமக்க பேட்டரி பெரிதாக வேண்டும். அங்கே பெட்ரோல் டேங்க் கைகொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டி, எந்த நொடியில் யார் வேலை செய்வது என்று முடிவெடுக்க ஒரு கம்ப்யூட்டரை வைத்தால் அதுதான் ஹைபிரிட்.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வருவோம். எஞ்சினை அதற்கு ஒத்துவரும் வேகத்தில், ஒத்துவரும் பாரத்தில் ஓட விட்டால் 38 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மின்சாரமாக்கி, பேட்டரியில் போட்டு, திரும்ப எடுத்து மோட்டாரை ஓட்டுவதற்குள் முப்பது சதவீதம் தொலைந்தாலும் கையில் 26, 27 சதவீதம் நிற்கும். நெரிசலில் எஞ்சினை நேரடியாக ஓட்டினால் கிடைக்கும் 10, 15 சதவீதத்தைவிட இது எவ்வளவோ மேல். வழியில் இழந்தும் லாபம் வருவது இப்படித்தான்.

பிரேக்கில் போகும் பெட்ரோல்

ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 208 கிலோஜூல், அதாவது 0.058 கிலோவாட் மணி. சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அந்த வேகத்துக்கு அதைக் கொண்டுவர எஞ்சின் 25 சதவீதத் திறனில் உழைத்திருந்தால் சுமார் 25 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். சிக்னலில் பிரேக்கை அழுத்துகிறீர்கள். அந்த 25 மில்லியின் பலன் முழுவதும் பிரேக் டிஸ்க்கின் சூடாக மாறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. நாற்பது முறை அப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர்.

ஹைபிரிட் காரில் பிரேக்கை லேசாக மிதித்ததும் முதலில் வேலை செய்வது பிரேக் பேட் அல்ல, மோட்டார். சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் தருகிறது, அந்த இழுபறியில் வண்டியின் வேகம் குறைகிறது. மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது. பெடலை அழுத்தி மிதித்தால் வழக்கமான பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். வண்டி ஏறக்குறைய நிற்கும் தறுவாயில் வேலையை முடித்துவைப்பதும் அதுதான். இந்தக் கைமாற்றம் பெரும்பாலும் நம் காலுக்குத் தெரியாமலேயே நடந்துவிடும்.

எல்லாம் திரும்பக் கிடைத்துவிடாது. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி. மின்சாரமாக மாறும்போது கொஞ்சம், பேட்டரியில் ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம் என்று கழிந்துவிடும். இன்னொரு வரம்பும் உண்டு. சின்ன பேட்டரியால் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தைத்தான் வாங்கிக்கொள்ள முடியும். கடைசி நொடியில் ஓங்கி பிரேக் மிதித்தால் பெரும்பகுதி பழையபடி டிஸ்க்கின் சூடாகத்தான் போகும். தூரத்திலேயே சிக்னலைக் கவனித்து முன்கூட்டியே மெதுவாக வேகம் குறைப்பவருக்கு ஹைபிரிட் நல்ல மைலேஜ் தருவதன் காரணம் இதுதான். ஒரே மாடல் காரை வைத்திருக்கும் இரண்டு பேருக்கு மைலேஜ் வெகுவாக மாறுவதும் பெரும்பாலும் இந்தக் கால் பழக்கத்தால்தான்.

நீளமான மலை இறக்கத்தில் இன்னொன்றைப் பார்க்கலாம். பேட்டரி நிரம்பிவிட்டால் மேற்கொண்டு மின்சாரம் வாங்க இடமில்லை. அப்போது சில ஹைபிரிட் கார்களில் கியர் நெம்புகோலில் இருக்கும் 'B' என்ற நிலை (வண்டியை நிறுத்திவைக்கும் 'P' அல்ல) உதவும். எஞ்சினைச் சும்மா சுழலவிட்டு, அதன் எதிர்ப்பால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அது. பெட்ரோல் எரியாமலேயே எஞ்சின் சத்தம் ஏறும். பயப்பட வேண்டியதில்லை. சமதரையில் வழக்கமாக அந்த நிலையில் ஓட்டுவதும் தேவையில்லை.

பேட்டரி எவ்வளவு பெரியது?

மிகச் சின்னது. சார்ஜ் போடத் தேவையில்லாத ஹைபிரிட்டில் சுமார் 1 முதல் 2 கிலோவாட் மணி வரைதான் இருக்கும். முழு மின்சாரக் காரில் 50, 60, 80 என்று போகும். ஹைபிரிட்டின் பேட்டரி உண்டியல் மாதிரி: சில்லறையைப் போடலாம், கொஞ்ச நேரத்தில் எடுத்துச் செலவழிக்கலாம், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது.

அவ்வளவு சின்ன பேட்டரியை நாள் முழுக்க ஏற்றி இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடாதா என்று தோன்றும். கெடாமல் இருக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை ஒருபோதும் முழுதாகக் காலியாக விடாது, முழுதாக நிரப்பவும் விடாது. ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே ஆட்டிவைக்கும். டாஷ்போர்டில் பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டினாலும் உள்ளே இன்னும் இடம் இருக்கும். அதனால்தான் பத்து வருடம் தாண்டியும் முதல் பேட்டரியிலேயே ஓடும் ஹைபிரிட் கார்களைச் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது.

மோட்டார் துணைக்கு இருப்பதால் எஞ்சினையும் வேறு மாதிரி வடிவமைக்க முடிந்தது. இது அதிகம் பேசப்படாத லாபம். 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். எரிவாயுக் கலவையை அழுத்தும் தூரத்தைவிட, எரிந்த பிறகு அது விரியும் தூரம் அதிகமாக இருந்தால் ஒவ்வொரு துளி எரிபொருளிலிருந்தும் கூடுதல் வேலை வாங்கலாம் என்பதே அது. இன்றைய ஹைபிரிட் எஞ்சின்கள் உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடுவதன் மூலம் அதே பலனைப் பெறுகின்றன. விலையாகக் கொடுப்பது இழுவையை. குறைந்த வேகத்தில் இந்த எஞ்சின் சோனிதான், தனியாக ஒரு காரில் வைத்தால் ஓட்டுபவருக்குப் பிடிக்காது. ஹைபிரிட்டில் அந்தக் குறையை மோட்டார் மூடிவிடுகிறது. டொயோட்டாவின் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரில், 2015-இல் வந்த நாலாம் தலைமுறையின் எஞ்சின் அதிகபட்சமாக 40 சதவீத வெப்பத்திறனைத் தொட்டது, அதாவது பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதத்தை உழைப்பாக மாற்றியது, இப்படித்தான்.

பெயர் ஒன்று, வகை பல

ஹைபிரிட் என்று பின்பக்கம் எழுதியிருக்கும் எல்லாக் கார்களும் ஒன்றல்ல. வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

மைல்டு ஹைபிரிட் என்பதில் இருப்பது எஞ்சினோடு பெல்ட்டால் இணைத்த ஒரு சின்ன மோட்டார். பெரும்பாலும் 48 வோல்ட். சிக்னலில் எஞ்சினை நிறுத்தி மறுபடி அலுங்காமல் கிளப்பும், முடுக்கும்போது சற்றுக் கைகொடுக்கும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் சேர்க்கும். ஆனால் மோட்டார் மட்டும் தனியாக வண்டியை ஓட்டாது. மிச்சமாவதும் கொஞ்சம்தான், விலை ஏற்றமும் கொஞ்சம்தான். இதில் தப்பில்லை. ஆனால் முழு ஹைபிரிட்டின் மைலேஜை எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டாரால் மட்டும் வண்டி நகருமா?" என்பதுதான்.

நகரும் என்றால் அது முழு ஹைபிரிட். இதிலும் இணைக்கும் விதம் மாறும். சிலவற்றில் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும், சக்கரத்தை எப்போதும் மோட்டார்தான் ஓட்டும். இதைத் தொடர் முறை என்பார்கள். நிஸான் 2016-இல் ஜப்பானில் நோட் காரில் கொண்டுவந்த இ-பவர் இந்த வகை. ஓட்டுவதற்கு மின்சாரக் கார் போலவே இருக்கும். நெடுஞ்சாலையில் மட்டும், எஞ்சினை நேராகச் சக்கரத்தில் பூட்டியிருந்தால் தவிர்க்கக்கூடிய இழப்பு கூடுகிறது. ஹோண்டாவின் முறை இதைச் சமாளிக்கிறது: குறைந்த வேகத்தில் தொடர் முறை, நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு பூட்டிவிடும். வேறு சிலவற்றில் வழக்கமான கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் செருகியிருப்பார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் அழகாகப் படுவது டொயோட்டாவின் ஏற்பாடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு சின்னப் பற்சக்கரம், சூரியன். அதைச் சுற்றி ஒரு சட்டத்தில் கோத்த சில பற்சக்கரங்கள், கோள்கள். எல்லாவற்றையும் சுற்றி வெளியே உட்பற்கள் கொண்ட ஒரு வளையம். எஞ்சின் கோள்களின் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. சூரியனோடு ஒரு மோட்டார், அதை முதல் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தோடு பெரிய இரண்டாம் மோட்டாரும், அதன் வழியே சக்கரங்களும்.

ஆரம்பகால பிரியஸில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78. இந்தப் பல் கணக்கால் எஞ்சின் தரும் முறுக்கு விசையில் எப்போதும் 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்கும், 28 சதவீதம் முதல் மோட்டாருக்கும் பிரிந்து போகும். முதல் மோட்டார் ஜெனரேட்டராக இருந்து அந்தப் பங்கை மின்சாரமாக்கி இரண்டாம் மோட்டாருக்கோ பேட்டரிக்கோ தருகிறது. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், வண்டியின் வேகம் எதுவாக இருந்தாலும் எஞ்சின் எத்தனை சுற்றுகள் சுற்ற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானித்துவிடலாம். எஞ்சினை அதற்குப் பிடித்த வேகத்திலேயே வைத்திருக்க முடிவது இதனால்தான்.

இதில் கியர் மாற்றம் கிடையாது. தேய்ந்துபோகும் கிளட்ச் கிடையாது. எஞ்சினைக் கிளப்புவதும் முதல் மோட்டார்தான் என்பதால் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. ரிவர்ஸ் கியர்கூட இல்லை, இரண்டாம் மோட்டாரைப் பின்பக்கம் சுழற்றினால் வண்டி பின்னால் போகும். வெளியிலிருந்து பார்க்க சிக்கலாகத் தெரியும் இந்தக் கார்கள், வருடக்கணக்கில் ஓயாமல் ஓடும் டாக்சிகளாகப் பல நாடுகளில் நிலைத்து நின்றதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம். ஒரு குறை உண்டு: மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுதியில் உறுமும், வேகம் சாவகாசமாக ஏறும். வழக்கமான கார் ஓட்டிப் பழகியவருக்கு இது கொஞ்ச நாள் உறுத்தும்.

எண்ணம் புதியதல்ல. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-ஆம் ஆண்டிலேயே எஞ்சின், ஜெனரேட்டர், சக்கரத்துக்குள் மோட்டார் என்று ஒரு வண்டியைச் செய்து காட்டினார். ஆனால் அத்தனை பகுதிகளையும் நொடிக்கு நொடி கட்டுப்படுத்த அன்று கம்ப்யூட்டரும் இல்லை, தகுந்த மின்னணுவும் இல்லை. டொயோட்டாவில் டகேஷி உச்சியமாடா தலைமையில் ஒரு குழு இதை மறுபடி கையில் எடுத்தது 1990-களில். அவர்களுடைய முதல் மாதிரி வண்டி 49 நாட்கள் அசையவே இல்லை. 1997 டிசம்பரில் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1999-இல் ஹோண்டாவின் இன்சைட் வந்தது.

ஓட்டிப் பார்த்தால்

முழு ஹைபிரிட்டில் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் வண்டி தயார் என்று ஒரு விளக்கு எரியும், சத்தம் ஒன்றும் வராது. கிளப்பினால் மோட்டாரில் நகரும். சற்று வேகம் பிடித்ததும் எஞ்சின் தானாகச் சேர்ந்துகொள்ளும். சமதரையில் சீராகப் போகும்போது எஞ்சின் கொஞ்ச நேரம் அணையும், கொஞ்ச நேரம் ஓடும். சிக்னலில் நின்றால் முழு அமைதி. ஆனாலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் கம்ப்ரஸர் பெல்ட்டில் அல்ல, மின்சாரத்தில் ஓடுகிறது. நெரிசலில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டால் இதன் அருமை தெரியும். பேட்டரி இறங்கும்போது மட்டும் எஞ்சின் சற்று நேரம் ஓடி அதை ஏற்றிவிட்டு அணைந்துவிடும்.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம்: காலையில் முதல் முறை கிளப்பும்போது, வண்டி நின்றபடியே இருந்தாலும், எஞ்சின் தானாக ஓட ஆரம்பிக்கும். கோளாறு இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சூடாக்கவே எஞ்சின் ஓடுகிறது. குளிர் அதிகமான இடங்களில் வண்டிக்குள் வெப்பம் தரவும் எஞ்சின் அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். அதனால் கடும் குளிரில் மைலேஜ் குறையும்.

பிளக்-இன் ஹைபிரிட் தனிக் கதை

இதில் பேட்டரி பெரியது, பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவாட் மணி. சார்ஜ் போடலாம், போடவும் வேண்டும். மின்சாரத்தில் மட்டும் 40, 60, சிலவற்றில் 80 கி.மீ. வரைகூடப் போகும். தினமும் அலுவலகம் போய்வருவது அந்தத் தூரத்துக்குள் அடங்கி, வீட்டிலேயே சார்ஜ் போட வசதியும் இருந்தால், வாரக்கணக்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஓட்டலாம். நீண்ட பயணத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது. கேட்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை என்று தோன்றும்.

எல்லாம் சார்ஜ் போடும் பழக்கத்தில் இருக்கிறது. போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் காராகிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, கார்களிலேயே பொருத்திய அளவிகளின் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்தது. பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகச் சோதனையில் சொன்ன அளவைப் போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் சுமார் 20 சதவீதம்தான். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடுவதில்லை என்பதே முக்கியக் காரணம். விளம்பரத்தில் வரும் பிளக்-இன் மைலேஜ் எண்ணை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் தினசரித் தூரமும் சார்ஜ் போடும் வசதியும்தான் உண்மையான எண்ணைச் சொல்லும்.

எங்கே பலன் குறைகிறது?

நெடுஞ்சாலையில். 100, 120 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் சந்தர்ப்பமே குறைவு, அதனால் திரும்பக் கிடைப்பதும் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் எஞ்சினுக்கும் போதுமான வேலை இருக்கிறது. அது ஏற்கெனவே ஓரளவு நல்ல திறனில்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஹைபிரிட் வந்து திருத்துவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. அட்கின்சன் எஞ்சின் தரும் லாபம் மட்டும் நிற்கும். சாதாரணக் காருக்கு நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ், ஊருக்குள் மோசம். முழு ஹைபிரிட்டுக்குப் பல நேரம் இது தலைகீழ். மாதம் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓட்டுபவர் கூடுதல் விலை கொடுத்து ஹைபிரிட் வாங்குமுன் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

விலை கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதை எத்தனை வருடத்தில் மீட்கலாம் என்பதைக் கணக்கிடும்போது பலர் மைலேஜ் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். லிட்டரைப் பாருங்கள். வருடம் 12,000 கி.மீ. ஓடும் கார் லிட்டருக்கு 10 கி.மீ. தருவதிலிருந்து 15 ஆக ஏறினால், 1200 லிட்டர் 800 ஆகக் குறையும். மிச்சம் 400 லிட்டர். அதே தூரத்தை 20 தருவதற்குப் பதில் 25 தரும் காரில் ஓடினால், 600 லிட்டர் 480 ஆகும். மிச்சம் 120 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது ஐந்து கி.மீ.தான், லாபமோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அதிகம் குடிக்கும் பெரிய வண்டிகளிலும், ஊருக்குள் நிறைய ஓடும் வண்டிகளிலும் ஹைபிரிட்டின் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பி வரும். ஏற்கெனவே சிக்கனமான சின்னக் காரை வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குத் திரும்பி வராமலேயே போகலாம்.

சுற்றுச்சூழல் கணக்கும் இதே லிட்டரில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 400 லிட்டர் மிச்சம் என்றால் வருடத்துக்கு 900 கிலோவுக்கு மேல் குறைகிறது. சின்ன விஷயமல்ல. ஆனாலும் இது பெட்ரோல் கார்தான், புகைக்குழாய் இருக்கத்தான் செய்கிறது. சார்ஜ் போட நல்ல வசதி உள்ளவருக்கு முழு மின்சாரக் கார் இதைவிடச் சிக்கனம். அந்த வசதி இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு, தங்கள் பழக்கம் எதையும் மாற்றாமல் பெட்ரோல் செலவைக் கணிசமாகக் குறைக்க முழு ஹைபிரிட்தான் இன்று கையில் இருக்கும் நல்ல வழி என்று நான் நம்புகிறேன்.

மற்றக் குறைகள் சிறியவை. பேட்டரிக்கு இடம் ஒதுக்குவதால் சில மாடல்களில் டிக்கி சுருங்கும். பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதிகம் உரசாததால் டிஸ்க்கில் துரு பிடிக்க வாய்ப்பு உண்டு, சர்வீஸில் பார்க்கச் சொல்ல வேண்டும். மெதுவாகப் போகும்போது சத்தமில்லாததால் நடப்பவர்களுக்கு ஆபத்து என்று, 20 கி.மீ. வேகம் வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. பயிற்சி இல்லாதவர் அவற்றில் கை வைக்கவே கூடாது. எல்லா மெக்கானிக்குகளும் இந்த வேலை பழகியவர்கள் அல்ல என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும். இன்னொன்று, பெரிய பேட்டரி இருந்தாலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் உள்ளே உண்டு. கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் அது இறங்கிவிடும், அப்புறம் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி கிளம்பாது.

பழைய ஹைபிரிட் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தை அவசியம் பாருங்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்க, பின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துளை வழியாக வண்டிக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் விசிறி இருக்கும். அந்தத் துளையைப் பைகளால் அடைத்து வைத்தாலோ, அதன் வடிகட்டியில் தூசியும் முடியும் படிந்திருந்தாலோ பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பழைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதோடு, விவரம் தெரிந்த சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கீழே கிடந்தால், புது பேட்டரியின் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.